அப்பாவின் சலத்தில் புரதம் 'ஒரு பிளஸ்' என்று வந்திருக்கிறது. கிட்னி பழுதாகிவிட்டதா?

அந்த ஒரு பிளஸை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ரிப்போட்டை மடித்து அலமாரிக்குள் வைத்துவிடவும் வேண்டாம்.

எங்கள் அப்பாவுக்கும் இதேதான் வந்தது. மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர், பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். வேளாண்மை வெட்டு நேரம். முதல்நாள் முழுக்க வெயிலில் நின்று, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், விடிய வெள்ளன பஸ் ஏறிக் கிளினிக்குக்கு வந்தார். போத்தலில் சலம் பிளேன்டீ போல இருந்தது. சலத்தில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பின் மஞ்சள் கட்டம் ஒரு நிமிடத்துக்குள் பச்சையாக மாறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது.

பிறகுதான் விளங்கியது. ஸ்ட்ரிப் காட்டுவது அல்புமின் என்ற புரதத்தின் செறிவை. சலம் இறுகியிருந்தால் கூட்டிக் காட்டும், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் இருப்பதையும் மறைத்துவிடும். காய்ச்சல், சலத்தில் கிருமி, கடும் உடல்வேலை, மாதவிடாய் நாட்கள் இவையும் குழப்பும்.

அதனால் டொக்டரிடம் ஏ.சி.ஆர் என்ற சலப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அல்புமினை அதே சலத்தில் உள்ள கிரியேற்றினினோடு (தசையில் உண்டாகி, கிட்னி வெளியேற்றும் கழிவு) ஒப்பிட்டுப் பார்ப்பதால், தண்ணீர் கூடியது குறைந்தது பெரிதாகப் பாதிக்காது. காலையில் எழும்பியதும் போகும் முதல் சலம்தான் நல்லது. ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சரி. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கியிருக்கிறது. 300க்கு மேல் என்றால் கடுமையான கசிவு. ஒருமுறை கூடி வந்தாலும் திரும்பச் செய்வார்கள். சில மாதங்களுக்குள் மூன்றில் இரண்டு தடவை கூடியிருந்தால்தான் உறுதி. அப்பாவுக்கு இரண்டு தடவையும் 80ஐ ஒட்டி வந்தது. கசிவைக் குறைக்கும் பிரஷர் மருந்தான லொசாட்டன் குளிசை தொடங்கினார்கள், சீனியையும் இறுக்கிப் பிடித்தோம். இன்றுவரை ரத்தத்தில் கிரியேற்றினின் கூடவில்லை. அந்தப் பிளஸைக் கவனித்தது எவ்வளவு நல்லது என்று அடிக்கடி நினைப்பேன்.

இன்னொன்று. சலத்தில் புரதம் 'நில்' (இல்லை) என்று வந்தாலும் வயல் வேலை செய்கிறவர்கள் அதோடு விட்டுவிடக் கூடாது. 1990களில் இலங்கையின் வடமத்திய மாகாண விவசாயிகளிடம் தெரியவந்த, காரணம் பிடிபடாத அந்தக் கிட்னி நோய் எங்கள் பக்கத்துக்கும் தூரமில்லை, அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியிலும் இருக்கிறது. அது முதலில் கிட்னியின் நுண்குழாய்களைத் தாக்குவதால் ஆரம்பத்தில் புரதம் அதிகம் போகாது. உங்கள் அப்பாவும் வயல்காரர் என்றால், ரத்தத்தில் கிரியேற்றினினையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.