லினக்ஸ் கர்னல் மாட்யூல்ல இருந்து டேட்டா வரலையா? உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: அண்ணா, ரைட் ஃபங்ஷன்ல யூசர் குடுத்த பாயிண்டர்ல இருந்து நேரா மெம்காப்பி போட்டேன். பழைய லேப்டாப்ல ஓடுச்சு, புதுசுல ஊப்ஸ்னு கர்னல் எரர் அடிக்குது.

பழசுல ஓடினதுதான் கெட்ட நேரம். இன்டெல் பிராட்வெல் ப்ராசஸர்ல இருந்து ஸ்மேப்னு ஒரு பாதுகாப்பு இருக்கு, யூசர் மெமரியை கர்னல் நேரா தொட்டா ப்ராசஸரே கையைத் தட்டி விட்டுரும். காப்பி_ஃப்ரம்_யூசர் போடுங்க. அது திருப்பித் தர்றது காப்பி ஆகாம நின்ன பைட் எண்ணிக்கை, 0 வந்தா எல்லாம் வந்துருச்சு. நிறைய பேர் அந்த நம்பரை அப்படியே ரிட்டர்ன் பண்ணிடறாங்க, யூசர் ப்ரோக்ராம் அத்தனை பைட் எழுதியாச்சுன்னு நினைச்சுக்கும். 0 இல்லேன்னா மைனஸ் இஃபால்ட் (தப்பான அட்ரஸ்ங்கற எரர்) ரிட்டர்ன் பண்ணுங்க, அவ்ளோதான்.

கேள்வி: கேட் கமாண்ட் போட்டா அதே வரி நிக்காம ஓடுது!

டேட்டா முடிஞ்சதும் உங்க ரீட் ஃபங்ஷன்ல நீங்க 0 திருப்பி அனுப்பவே இல்ல. கேட் 0 வர்ற வரைக்கும் ரீட் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். எது வரைக்கும் படிச்சாச்சுன்னு சொல்ற ஆஃப்செட்டை நகர்த்துங்க, இல்ல சிம்பிள்_ரீட்_ஃப்ரம்_பஃபர் கிட்ட விட்டுருங்க.

கேள்வி: 64 பிட் ப்ரோக்ராம்ல ஐஆக்டில் (டிவைஸுக்கு கட்டளை அனுப்பற கால்) நல்லா வேலை செய்யுது, அதையே 32 பிட்ல கம்பைல் பண்ணா ஈநாட்டிடிஒய்னு எரர் வருது சார், ஹெடர் ஒண்ணுதான்.

ஹெடர் ஒண்ணுதான், சைஸ் வேற! ஸ்ட்ரக்ட்ல முதல்ல ஒரு யு32 (32 பிட் நம்பர்), அடுத்து ஒரு யு64 (64 பிட் நம்பர்) இருக்குன்னு வைங்க, 32 பிட் எக்ஸ்86ல யு64 நாலு பைட் எல்லையில உக்காந்துக்கும், மொத்தம் 12 பைட், 64 பிட்ல நடுவுல 4 பைட் காலியா விட்டு 16 ஆயிரும், ஐஆக்டில் நம்பருக்குள்ளயே இந்த சைஸும் சேர்ந்து இருக்கறதால நம்பரே மாறிப் போயி கர்னல் "இது யாருன்னே தெரியாது"ன்னு கைய விரிச்சிருது. லாங் டைப்பும் வேணாம், அது 32 பிட்ல 4 பைட், 64 பிட்ல 8. காலி இடத்துக்கு நீங்களே பேட்னு ஒரு யு32 வைங்க, 32 பிட் ப்ரோக்ராம் கூப்பிடறதுக்கான கம்பட்_ஐஆக்டிலையும் செட் பண்ணுங்க. அப்புறம் யூசருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஸ்ட்ரக்டை மெம்செட் போட்டு 0 ஆக்கிருங்க, இல்லேன்னா அந்த 4 பைட்ல கர்னல் ஸ்டாக்ல கிடந்த பழைய குப்பை யூசர் கைக்குப் போகும். குப்பைதானேன்னு விடாதீங்க, அதுல கர்னல் அட்ரஸ் கூட இருக்கலாம்.

கேள்வி: ஸ்பின்லாக் (தூங்காம சுத்திக்கிட்டே காத்திருக்கற லாக்) பிடிச்சுக்கிட்டே, யூசருக்கு டேட்டா அனுப்பற காப்பி_டு_யூசர் கூப்பிடலாமா?

கூடாது. யூசர் பேஜ் மெமரில இல்லேன்னா, அது வர்ற வரைக்கும் காப்பி_டு_யூசர் தூங்கிரும், லாக்கோட தூங்கினா சிஸ்டம் தொங்கிரும். லாக்குக்குள்ள லோக்கல் வேரியபிளுக்கு எடுத்து வச்சுட்டு, லாக்கை விட்டுட்டு, அப்புறம் அனுப்புங்க. என் முதல் டிரைவர்லயே இத பண்ணிட்டு ரெண்டு நாள் மண்டைய உடைச்சேன், பத்து தடவைக்கு ஒரு தடவைதான் தொங்கும், அதான் கொடுமை.

கேள்வி: கர்னலே யூசருக்கு மெசேஜ் அனுப்பணும், எது நல்லது?

ஒரே ப்ரோக்ராம்னா கேரக்டர் டிவைஸ்ல (ஃபைல் மாதிரி படிக்கற டிவைஸ்) போல் (டேட்டா வந்தா எழுப்பி விடற வசதி) வச்சா போதும். பல ப்ரோக்ராம் கேக்கணும்னா நெட்லிங்க் (கர்னலும் யூசரும் பேசிக்கற சாக்கெட்). சும்மா ஒரு நம்பர் காட்டணும்னா சிஸ்எஃப்எஸ் (கர்னல் விவரங்களை ஃபைலா காட்டற இடம்), ஒரு ஃபைலுக்கு ஒரே வேல்யூ.