நொடிமுள் ஏன் கழன்று விழுகிறது?

கேள்வி: ரோலெக்ஸ் சப்மரைனர் கைக்கடிகாரத்தின் நகல் ஒன்றை, அசலின் படங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பாகமாக மாற்றி வருகிறேன். உள்ளே சீக்கோவின் என்ஹெச்35 இயந்திரம். புதிதாக வாங்கிய நொடிமுள் மட்டும் கழன்று கழன்று விழுகிறது. முள் மட்டமா, என் கை மட்டமா?

பதில்: இரண்டும் இல்லை, அளவுதான் வேறு. என்ஹெச்35-க்கு நொடிமுள்ளின் துளை 0.20 மி.மீ., இடிஏ 2824 என்ற சுவிஸ் இயந்திரத்துக்கு 0.25. நீங்கள் வாங்கியது 2824-க்கான முள்ளாக இருக்கும். மணி முள்ளும் நிமிட முள்ளும் (1.50, 0.90) இரண்டிலும் ஒன்றுபோலவே பொருந்திவிடுவதால், பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். துளையை நசுக்கிச் சின்னதாக்கப் பார்க்காதீர்கள், பசையும் வேண்டாம். முள் உட்காரும் அச்சு மெல்லியது, வளைந்தால் பெரிய செலவு. 0.20 முள்ளை வாங்கி, 12-க்கு நேராக வைத்து, செங்குத்தாக மெல்ல அழுத்துங்கள்.

அப்புறம் ஒன்று. அசல் ரோலெக்ஸின் இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு 28,800 முறை துடிக்கும், அதாவது நொடிக்கு 8. உங்களுடையது 21,600, நொடிக்கு 6. எந்த முள்ளைப் போட்டாலும் அசலின் நொடிமுள் வழுக்கிக்கொண்டு நகரும் அந்த அழகு வராது. பெயர் பொறித்த டயலைக் கழற்றிவிட்டு வெறும் டயல் போடலாமே என்பது என் கட்சி. அந்தப் பெயரோடு விற்றால் சட்டச் சிக்கல் வேறு.