'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் தங்கை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் கோல் எடுத்து, 'வி ஆர் ரன்னிங் லேட், வி ரான் அவுட் ஒஃப் பெற்றோல் நியர் கந்தளாய், குட் யூ ரன் அஸ் டு த ஜெட்டி டுமாறோ?' எண்டு கேட்டார். எனக்குத் தெரிஞ்சது ஓடுறதும், கிரிக்கெட்டில ரன் அவுட் ஆகிறதும்தான். ஒரு சொல்லுக்கு எத்தனை கருத்து? எல்லாத்தையும் பாடமாக்க வேணுமா? எங்கட அறிவிப்புப் பலகையில 'போட் இஸ் ரன்னிங் டு பிஜன் ஐலண்ட் எவ்ரி மோர்னிங்' எண்டு எழுதியிருக்கு. அது சரியா?"

பாடமாக்க வேண்டாம், தங்கச்சி. பாடமாக்கவும் ஏலாது. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆகப் பெரிய இடம் பிடித்த சொல் 'செற்'. அதற்கு 430 பொருள் என்று கணக்கு. அகராதியைத் திருத்திக்கொண்டு வந்தபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645. ஆங்கிலம் பேசிப் பிறந்தவர்களும் இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் உங்கள் வாயிலேயே இருக்கிறது: எங்கள் 'ஓடு'. "கடை எப்படி ஓடுது?" என்று கேட்கிறோம். "மணிக்கூடு ஓடேல்ல" என்கிறோம். கொழும்புக்கு இரவு ரயில் ஓடுகிறது. படம் இரண்டு கிழமை ஓடுகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக்குடாவில் கடலோடு சேர்கிறது. பயத்தில் தலைக்குள் "ஒண்டும் ஓடுதில்லை". இவற்றில் ஒன்றாவது காலால் ஓடியதா? நிற்காமல் நடந்துகொண்டிருக்கிற எதையும் நாங்கள் ஓட விடுகிறோம். ஆங்கிலமும் ஏறக்குறைய இதையே செய்கிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை துறையில் 'பாதை' என்கிற படகுச் சேவை ஓடியது என்பதை 'த ஃபெரி ரான் அன்டில் 2009' என்று அப்படியே சொல்லலாம். ஆறு, ரயில், கடை, எஞ்சின், குழாய்த் தண்ணீர் எல்லாவற்றுக்கும் உங்கள் தமிழ்க் காதே போதும்.

இரண்டு மொழியும் பிரிகிற இடத்தில்தான் கவனம் வேண்டும். முதலாவது பிரிவு: தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. கடை ஓடும், அதை நடத்துகிறவர் நடத்துவார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' ஒன்றுதான். 'த கெஸ்ட்ஹவுஸ் ரன்ஸ் வெல்' என்றால் விடுதி நன்றாக நடக்கிறது. 'ஷி ரன்ஸ் த கெஸ்ட்ஹவுஸ்' என்றால் அவர் அதை நடத்துகிறார். எனவே 'ரன்' என்று கேட்டவுடன் மனதில் எழ வேண்டிய முதல் கேள்வி, ஓடுவது எது, ஓட வைப்பது யார் என்பது.

இங்கேதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வழக்கமாக விழுகிற குழி ஒன்று உண்டு. நாங்கள் "அவர் ஓட்டோ ஓடுறார்", "கார் ஓடத் தெரியுமா?" என்று பேசிப் பழகியவர்கள். அதையே ஆங்கிலத்தில் போட்டு 'ஐ கேன் ரன் எ கார்' என்று வேலை நேர்முகத்தில் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது, கார் ஒன்றை வைத்துப் பராமரிக்க, அதன் செலவைத் தாங்க எனக்கு வசதி உண்டு என்று போய்ச் சேரும். கார், ஓட்டோ ஓடுவதற்கு 'ட்ரைவ்'தான்.

இனி இரண்டாவது பிரிவு, 'ரன்'னுக்குப் பின்னால் வந்து ஒட்டும் சின்னச் சொல். தமிழிலும் இந்த வித்தை இருக்கிறது. 'முடி' என்பதோடு 'போ' சேர்ந்து "முடிஞ்சு போச்சு" ஆகும்போது அங்கே யாரும் எங்கும் போவதில்லை. 'ரன் அவுட் ஒஃப்' அதே மாதிரி: கையிருப்பு முடிந்து போச்சு. கிரிக்கெட்டை நினைத்தது உங்கள் பிழையில்லை. அங்கே 'ஒஃப்' வராது, பின்னால் பொருளின் பெயரும் வராது. பால், பெற்றோல், நேரம், பொறுமை என்று ஏதாவது பின்னால் வந்தால் அது தீர்ந்துவிட்டது என்று எடுங்கள். தீரவில்லை, குறைந்து வருகிறது என்றால் 'ரன்னிங் லோ'. சமையலறையில் காஸ் குறையும்போது உங்களுக்கே இது தேவைப்படும்.

'ரன் இன்டு' இன்னும் சுவையானது. நண்பரை எதிர்பாராமல் கோணேசர் கோயில் வாசலில் கண்டால் அவரை 'ரான் இன்டு'. வாகனம் மதிலில் மோதினாலும் மதிலை 'ரான் இன்டு'. ஆறு கடலில் கலந்தாலும் அதுவே. எது எதைச் சந்திக்கிறது என்று பார்த்தால் பொருள் தானாக விளங்கும். கப்பல் 'ரான் அகிரவுண்ட்' என்றால் அதற்குத் துறைமுக ஊர்க்காரரான எங்களிடம் எவ்வளவு அழகான சொல் இருக்கிறது: கரைதட்டியது!

'ரன் ஓவர்' வந்தால் மட்டும் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். 'லெட் மீ ரன் ஓவர் த பில்' என்றால் பில்லை ஒருமுறை சரிபார்க்கிறேன் என்பது. 'எ வான் ரான் ஓவர் எ டோக்' என்றால் நாய்க்கு மேல் வான் ஏறிவிட்டது. 'ரன் டவுன்' கொஞ்சம் கசப்பு: அறையைப் பற்றிச் சொன்னால் பராமரிப்பில்லாமல் பாழாகிக் கிடக்கிறது என்ற குறை, தன்னைப் பற்றிச் சொன்னால் உடம்பு களைத்துச் சோர்ந்துவிட்டது. முதலாவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், இரண்டாவதற்கு ஒரு இஞ்சித் தேத்தண்ணி கொடுக்க வேண்டும்.

சாரம் வாங்கிவந்த விருந்தினர் 'வில் த கலர் ரன்?' என்று கேட்டால், சாயம் போகுமா என்று கேட்கிறார். தமிழில் சாயம் போகும், ஆங்கிலத்தில் ஓடும்.

இப்போது உங்களுக்கு வந்த தொலைபேசி. 'ரன்னிங் லேட்': வரச் சுணங்குது. 'ரான் அவுட் ஒஃப் பெற்றோல்': கந்தளாய்க்குக் கிட்ட பெற்றோல் முடிந்து நிற்கிறார்கள். 'ரான்' என்று கேட்டாலே நடந்து முடிந்த விஷயம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். 'குட் யூ ரன் அஸ் டு த ஜெட்டி': நாளைக்கு இறங்குதுறைவரை எங்களைக் கொண்டுபோய் விட ஏலுமா? இது ஓட வைக்கிற 'ரன்'. அவசரத்தில் ஒரு பகுதி விளங்காவிட்டால், விளங்கியதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: 'சோ யூ நீட் பெற்றோல், அண்ட் எ லிஃப்ட் டுமாறோ?' அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் மாணவர்களுக்கு முதலில் பழக்குவதே இதைத்தான். பிழையாக விளங்கி "ஓம்" சொல்வதை விட இது எத்தனையோ மடங்கு நல்லது.

பலகையில் ஒரு திருத்தம் வேண்டும். தமிழில் "போட் ஓடுது" என்பது இன்றைக்கும் பொருந்தும், நித்தமும் பொருந்தும். ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரிக்கும். வழமையாக நடப்பதற்கு, நேர அட்டவணைக்கு, 'இஸ் ரன்னிங்' வராது. 'போட்ஸ் ரன் டு பிஜன் ஐலண்ட் எவ்ரி மோர்னிங்' என்று மாற்றி எழுதுங்கள். அந்த 'ரன்னிங்'கை அழித்துவிட வேண்டாம். வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கிற நாள்களில் அதே பலகையில் 'போட்ஸ் ஆர் நொட் ரன்னிங் டுடே' என்று தொங்கவிடத் தேவைப்படும்.