அலாஸ்கா மாதிரியான வடக்குக் காடுகளில் விலங்குகள் ஏன் ஒரே பருவத்தில் குட்டி போடுகின்றன? குளிர்தான் காரணமா?

நானும் வெகுநாள் குளிர் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் சேலத்தில், சேர்வராயன் மலை அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. போன மாதம் அக்கா மகளைக் கூட்டிப் போயிருந்தேன். புள்ளிமான்களைப் பார்த்து, "மாமா, அந்த மானுக்கு மட்டும் ஏன் கொம்புல துணி சுத்தியிருக்கு?" என்றாள். துணி இல்லை, வளரும் கொம்பை மூடியிருக்கும் மெத்தென்ற தோல். பக்கத்தில் இன்னொன்று முற்றிய கொம்பை மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவதற்குக் கொம்பே விழுந்துவிட்டது. ஒரே மந்தை, ஒரே நாள். ஆளுக்கொரு கணக்கு என்பதால் இங்கே வருஷம் முழுக்கக் குட்டி பார்க்கலாம்.

அலாஸ்காவின் மூஸ் மானுக்கு அந்தச் சலுகை கிடையாது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம், அவ்வளவுதான் இணை சேரும் காலம். அப்போது ஆண் மூஸ் சாப்பாட்டையே மறந்துவிடும். காலால் குழி பறித்து, அதில் சிறுநீர் விட்டு, அந்தச் சேற்றில் புரளும். அந்த வாசனைக்குப் பெண் மூஸ்கள் தேடி வரும். (சென்ட் அடித்துக்கொண்டு திரிந்த எங்கள் விடுதிப் பையன்களுக்கு இந்தப் பலன் கிடைத்ததில்லை.) சினைக்காலம் சுமார் எட்டு மாதம். குட்டி விழும்போது மே கடைசி, பனி உருகித் தளிர் விடும் நேரம். பிந்திப் பிறந்த குட்டி அடுத்த பனிக்குள் உடம்பு தேறுவது கஷ்டம்.

சரி, செப்டம்பர் வந்தது மூஸுக்கு எப்படித் தெரியும்? பகலின் நீளத்தை வைத்துத்தான். சேலத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி இருபது நிமிடம்தான் வித்தியாசம். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஜூன் பகல் கிட்டத்தட்ட 22 மணி நேரம், டிசம்பரில் 4 மணி நேரம்கூட இல்லை. இரவு நீள நீள மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் கூடுதல் நேரம் சுரக்கும், அதிலிருந்து உடம்பு மாதம் கணக்கிடும். குளிர் ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் பிந்தும். பகல் அப்படி ஏமாற்றாது.

கரடி இன்னும் கெட்டி. அமெரிக்கக் கருங்கரடி ஜூன், ஜூலையில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் ஒட்டாது. நவம்பர் வாக்கில், தாய் உடம்பில் கொழுப்பு போதுமான அளவு சேர்ந்திருந்தால்தான் ஒட்டி வளரும். அப்புறம் ஜனவரி வாக்கில் குளிர்காலப் பொந்துக்குள்ளேயே பிரசவம். குட்டி அரைக் கிலோகூட இருக்காது.

இதைச் சொன்னதும் அக்கா மகள், "அப்ப எல்லாக் கரடிக்கும் ஜனவரிலதான் பர்த்டேவா?" என்றாள். இந்தக் கருங்கரடிக்கு ஆமாம், தப்பினால் பிப்ரவரி.