நுரையீரலுக்கு உதவிய மாத்திரை மூளைக்கட்டிக்கு உதவாதா?

கேள்வி: மேலூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறேன். என் அண்ணனுக்கு வயது 52. தலைவலியும் வலிப்பும் வந்து, மதுரையில் மூளைக்கட்டி அறுவை சிகிச்சை நடந்தது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘க்ளியோபிளாஸ்டோமா, ஐ.டி.எச். மாற்றம் இல்லை, ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுப் பெருக்கம் உண்டு’ என்று இருக்கிறது. எங்கள் பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தபோதும் ரிப்போர்ட்டில் இதே ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற பெயர்தான் இருந்தது. தினம் ஒரு மாத்திரையில் இரண்டு வருடம் நன்றாக நடமாடினார். அவருடைய மிச்ச மாத்திரை அட்டைகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. அவற்றை அண்ணனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால் டாக்டர் கூடாது என்கிறார். ஏன்?

பதில்: டாக்டர் சொன்னதே சரி. ஆனால் தங்கள் ஐயம் நியாயமானது. ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் எண்ணி, ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரைகளை க்ளியோபிளாஸ்டோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து ஏமாந்தார்கள்.

ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லின் உறையில் குறுக்கே செருகி நிற்கும் ஓர் ஏற்பிப் புரதம். அதன் வெளிப்பகுதியில் வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர, உள்ளே இருக்கும் ‘கைனேஸ்’ என்ற நொதிப் பகுதி விழித்துக்கொண்டு, ‘வளர், இரண்டாகப் பிரி’ என்ற கட்டளையைச் செல்லின் கருவுக்கு அனுப்பிவைக்கும். (இந்த வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹன் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) கண்மாய் மடையைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக் கிளை பிரிவதைப் போல, கட்டளையும் ‘ராஸ்’ என்றும் ‘பி.ஐ.3 கைனேஸ்’ என்றும் பெயர் கொண்ட பாதைகளில் பிரிந்து ஓடுகிறது.

பெரியப்பாவுக்குக் கோளாறு இருந்தது ஏற்பியின் உள்பகுதியில். மாத்திரை போய் உட்காரும் இடமும் அதுதான். அந்தச் செல்கள் ஏறக்குறைய அந்த ஒரே மடையை நம்பிப் பிழைத்ததால், அதை அடைத்ததும் கட்டி வாடியது. க்ளியோபிளாஸ்டோமாவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். அவர்களிலும் பலருக்கு ஏற்பியின் வெளிப்பகுதியில் 267 அமினோ அமிலங்கள் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். இப்படி மொட்டையான ஏற்பிக்கு வளர்ச்சிக் காரணியே தேவையில்லை, தானாகவே கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கும். நுரையீரலுக்கான மாத்திரைகள் இதில் அவ்வளவு கெட்டியாகப் பொருந்துவதில்லை. போதாக்குறைக்கு, இரத்தத்திலிருந்து மருந்துகள் மூளைக்குள் நுழையாதபடி இயற்கை வைத்த தடுப்பு வேறு குறுக்கே நிற்கிறது.

இவற்றையெல்லாம் தாண்டி மடையை அடைத்தாலும் வாய்க்கால் வற்றாது என்பதுதான் பெரிய சிக்கல். பி.ஐ.3 கைனேஸ் பாதையில் நீரை மட்டுப்படுத்தும் பலகையைப் போன்ற ‘பிட்டென்’ என்ற புரதம் இந்தக் கட்டிகள் பலவற்றில் தொலைந்திருக்கும். பக்கத்திலேயே வேறு ஏற்பிகளும் திறந்திருக்கும். மொட்டை ஏற்பியை மட்டும் குறிவைத்த ஒரு தடுப்பூசியின் பெரிய சோதனை 2016இல் பலனின்றி முடிந்தது. மீண்டும் வளர்ந்த கட்டிகள் பலவற்றில், தடுப்பூசி போடாதவர்களுக்கும்கூட, அந்த ஏற்பியே காணாமல் போயிருந்தது.

ஆகவே பீரோவில் உள்ள அட்டைகளைத் தொட வேண்டாம். அவற்றின் பக்கவிளைவாக முகமெல்லாம் கொப்புளமும் வயிற்றுப்போக்கும் வந்தால், நம் பக்கம் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லப்படும் கதிர்வீச்சையே இடையில் நிறுத்த நேரிடலாம். கதிர்வீச்சுடன் டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை சேர்த்துக் கொடுப்பதுதான் 2005 முதல் நிலைத்திருக்கும் சிகிச்சை. ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் உள்ள, மெதுவாக வளரும் கட்டிகளுக்கு வோராசிடெனிப் என்ற மாத்திரை 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அண்ணனுக்கு அந்த மாற்றம் இல்லாததால் அது பொருந்தாது.

ரிப்போர்ட்டில் ‘எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். டெமோசோலமைடு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதை ஊகிக்க அது உதவும். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். அதற்காக மறுபடியும் தலையைத் திறக்க வேண்டியதில்லை, அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் அதிலிருந்தே பார்த்துவிடலாம்.