சூரியப் புயல் வந்தால் இன்டர்நெட் போய்விடுமா? புதுச்சேரியில் துருவ ஒளி தெரியுமா?

சூரியன் சில நேரம் மின்னூட்டம் கொண்ட துகள்களைப் பெருங்கூட்டமாக வீசி எறியும். அது பூமிமேல் மோதுவதுதான் சூரியப் புயல்; வந்து சேர பெரும்பாலும் 1 முதல் 3 நாள்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையோரக் கருங்கற்களைப் பார்த்திருப்பீர்கள். அலை மோதிச் சிதறி, இடுக்குகளில் மட்டும் புகுந்து நுரைக்கும். பூமியின் காந்தப்புலமும் அப்படித்தான். துகள்கள் துருவங்களின் பக்கமே உள்ளே புகுகின்றன. அங்கே காற்றின் ஆக்சிஜனில் மோதும்போது வானம் பச்சையாக, இன்னும் உயரத்தில் சிவப்பாக ஒளிரும். இதுதான் துருவ ஒளி. எவ்வளவு அழகு! 2024 மே மாதப் பெரும்புயலில் லடாக்கின் ஹான்லேயில்கூட அந்தச் சிவப்பு தெரிந்தது. காந்தத் துருவங்களுக்கு நடுவே ஓடும் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, இன்டர்நெட்? கடலடிக் கேபிளில் தகவல் ஒளியாகப் போகிறது. ஒளியைப் புயல் தொடாது. ஆனால் வழியில் அந்த ஒளிக்குத் தெம்பூட்டும் கருவிகளுக்கு நீண்ட உலோகக் கடத்தி வழியே மின்சாரம் போகிறது. காந்தப்புலம் ஆடினால் அதில் வேண்டாத மின்னோட்டம் எழும். புயலால் மின்சாரமே போனாலும் இணையம் படுத்துவிடும்: 1989 மார்ச்சில் சூரியப் புயலால் மின்சாரம் போய், கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் இருளில் கிடந்தது. கடலூர் துறைமுகத்துப் படகுகளின் ஜிபிஎஸ்கூட இடத்தைச் சற்றுத் தள்ளிக் காட்டலாம்.

அப்புறம், "இன்று இரவு கதிர் வருகிறது, போனை அணைத்துத் தூர வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். தரையில் இருக்கும் நம் உடம்பையும் போனையும் காந்தப்புலமும் காற்று மண்டலமும் காத்துவிடுகின்றன.