உருகாமலே ஒரு திடப்பொருள் உலோகமாக மாறுமா?

கேள்வி: “68 டிகிரியில் வனேடியம் டை ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது என்கிறார்கள். அது உருகுவதில்லையே, பிறகு எது மாறுகிறது?”

நிலைமாற்றம் என்றாலே நம்மூர்க்காரருக்கு மார்கழிக் காலையில் உறைந்துபோன தேங்காய் எண்ணெய்தான் நினைவுக்கு வரும். இங்கே அப்படியில்லை. முன்னும் பின்னும் அது திடப்பொருள்தான். மாறுவது எலக்ட்ரான்களின் நடத்தை.

வடசேரியிலிருந்து கிளம்பும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா இருக்கையும் ஒற்றை இருக்கை, ஒவ்வொன்றிலும் ஒருவர். இடம் மாற வேண்டுமானால் இன்னொருவர் மடியில்தான் உட்கார வேண்டும்; யார் விடுவார்? எலக்ட்ரான்களும் அப்படித்தான். ஒரே அணுவில் இரண்டு சேர்ந்தால் விலக்குவிசையால் ஆற்றல் கூடும். அந்தக் கூடுதல் ஆற்றல், தாவுவதால் கிடைக்கும் ஆதாயத்தைவிடப் பெரிதானால் எல்லாம் அங்கங்கே முடங்கிவிடும். இதுதான் மாட் மின்கடத்தாப்பொருள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதைக் கணக்கில் எடுக்காத எளிய பட்டைக் கோட்பாட்டின்படி நிக்கல் ஆக்சைடு உலோகமாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்று 1937-லேயே சுட்டிக்காட்டிவிட்டார்கள். இந்த முடக்கத்தை விளக்கிய இயற்பியலாளர் நெவில் மாட் 1977-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த இழுபறியை இரண்டே எண்களில் (தாவும் ஆதாயம் ஒன்று, விலக்குவிசையின் ஆற்றல் இன்னொன்று) அடக்குவது 1963-ல் வந்த ‘ஹப்பர்டு மாதிரி’ என்ற கணித வடிவம். பார்க்கச் சின்னதுதான், ஆனால் இரண்டு பரிமாணத்தில் இன்றுவரை முழுத் தீர்வு கிடையாது!

வனேடியம் டை ஆக்சைடில் இன்னொரு சிக்கலும் உண்டு. 68 டிகிரிக்குக் கீழே வனேடியம் அணுக்கள் ஜோடி ஜோடியாக நெருங்கி நிற்கும். சூடேறினால் ஜோடி பிரியும், கடத்துதிறன் ஆயிரக்கணக்கான மடங்கு எகிறும். 68 டிகிரிக்குக் கீழே அது கடத்தாமல் இருக்க முதல் காரணம் ஜோடி சேர்வதா, விலக்குவிசையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டும் கைகோத்தே வேலை செய்கின்றன என்பது என் கட்சி.